நேராகப் போன ஒரே படகு

எங்கள் சேந்தன்துறையில் படகுகள் மெதுவாக வரும்போது வழி விலகிப் போகத் தொடங்கியது என்றைக்கு என்று கேட்டால், சாம்பல் புதன் கழிந்த வாரம் என்று சிலர் சொல்வார்கள், இல்லை, அதற்கும் முன்னால் வாடைக்காற்று அடங்கிய அன்றைக்கே என்று சிலர் சொல்வார்கள், ஆனால் என் வீட்டுக்காரர் பொனிப்பாஸ் ஓட்டிவந்த படகு மீன் இறங்குதளத்துக்குப் போகாமல் கழியைக் குறுக்கே கடந்து எங்கள் அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற துவைகல்லில் மூக்கை முட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கு நான் சாளைக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என்னங்க, இங்க வந்து நிக்கீங்க? அங்க ஏலக்காரர் காத்துக்கிட்டிருப்பாரே" என்றேன்.

"நான் எங்க வந்தேன்? இதுல்லா வந்துச்சு" என்றார், எஞ்சின் கைப்பிடியை ஏதோ அந்நியர் கையைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டு.

எங்கள் ஊரில் ஆறு கடலோடு சேருகிறது. சேருகிற வாயில் வலது பக்கம் அலையைத் தடுக்கக் கல்வரிசை போட்டிருக்கிறார்கள், இடது பக்கம் மணல். கடலிலிருந்து வருகிற படகு அந்த வாயில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும், திரும்பாமல் நேரே போனால் கல்வரிசையின் உள்வளைவில் போய் மோதும். திரும்பிவிட்டால் கழி, அதில் குளம் மாதிரித் தண்ணீர், கரை நெடுக எங்கள் வீடுகளின் பின்பக்கம். கழியில் பிள்ளைகள் குளிப்பார்கள், வலை காயும், ஆழமும் கிடையாது, அதனால் எல்லாப் படகும் வாயிலேயே எஞ்சினைக் குறைத்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. கடலில் எவ்வளவு வேகமாகப் போனாலும் படகுகள் நேரே போயின. வாயில் வந்து எஞ்சினைக் குறைத்ததும்தான் ஒவ்வொன்றும் தலையைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னால் போனது.

நாங்கள் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. மீனைப் போட்டுவிட்டு அதிசயப்பட்டுக்கொண்டு நின்றால் மீன் கெட்டுப்போகும். டவுனிலிருந்து எஞ்சின் மெக்கானிக் டைட்டஸை வரச் சொன்னோம். அவர் எங்கள் ஊருக்கே மருமகன், கீழக்கோடி வீட்டில் பெண் எடுத்தவர். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அடியைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, வேகமாப் போகும்போது தண்ணி படகைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மெதுவாப் போனா பிடி தளந்துரும். நம்ம பைபர் படகுக்கு அடி தட்டை, தலை லேசு, சின்னக் காத்துக்கே தலை அங்கிட்டு இங்கிட்டுப் போகும். அண்ணன் உடனே கைப்பிடியைத் திருப்புவாரு, மெதுவாப் போற படகு உடனே கேக்காது, கேக்கலையேன்னு இன்னும் திருப்புவாரு, பிறகு எல்லாத்தையும் சேத்துக் கேட்டுட்டு மறுபக்கம் ஓடிரும். கையைச் சும்மா வச்சிருந்தா, கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படின்னு ஆடிக்கிட்டு நடுவாந்தரமா நேராத்தான் போகும்" என்று எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் எஞ்சினின் விசிறிக்கு மேலே இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் தகடு வைத்து முடுக்கி, ஓட்டிக் காட்டுகிறேன் என்று தாமே ஏறி உட்கார்ந்தார். படகு அவர் சொன்னபடியே கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படி ஆடியது, ஆடிக்கொண்டே போய்க் கீழக்கோடியில் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த அவருடைய மாமியார் முன்னால் நின்றது.

"வாங்க மருமவனே, ஆண்டவரே, இப்பத்தான் உங்களுக்கு ஒரு விபத்தும் வரக்கூடாதுன்னு மாதாட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள் அந்த அம்மாள்.

டைட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னதும் சரிதான், இதுவும் சரிதான் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்துவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு படகு மட்டும் கழியில் நேரே போனது. அது கஸ்பாருடைய படகு. வாயில் நுழைந்ததும் அவர் கைப்பிடியை ஒரு தடவை இடது பக்கம் திருப்புவார், பிறகு அது நூல் பிடித்த மாதிரி இறங்குதளத்துக்குப் போய் நிற்கும். இளவட்டங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, "மாமா, என்ன பண்ணுதீங்க, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கெஞ்சினார்கள். "நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்பார். பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. காலையிலிருந்து கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் நடையில் வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார், "ஏட்டி, இன்னைக்கு நம்ம படகு நேராப் போச்சுட்டி, தளத்துலயே போய் நின்னுச்சு!" என்று. என்னைப் பார்த்ததும் அவர் சத்தம் நின்றுபோனது. பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆணியில் தொங்கிய செபமாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ இன்னைக்குச் செபமாலை சொல்லலையா?"

"வாயைத் திறக்க முடியலைங்க."

அவர் கஞ்சி வைக்க எழுந்து போனார், கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அடுப்புப் பக்கம் போனது அன்றைக்குத்தான்.

அப்படித்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. மெதுவாகப் போகிற படகு, தன்னை ஓட்டுகிறவன் பேரை எந்த வாய் ஆண்டவரிடம் சொல்கிறதோ அந்த வாய் இருக்கிற பக்கம் திரும்புகிறது. வேகமாகப் போகும்போது எஞ்சின் இரைச்சலில் அதற்குக் கேட்பதில்லை. தெரிந்தபிறகு நாங்கள் செய்ததெல்லாம் இதைச் சுமந்துகொண்டு எப்படி வாழ்வது என்று பார்த்ததுதான். யார் படகாவது தளத்துக்கு நேரே போனால் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது, ஆம்பிளைகள் மானத்துக்குப் பயந்து வெளிப்பார்வைக்கு வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டினார்கள். பங்குச்சாமி ஒரு யோசனை சொன்னார், படகு வருகிற நேரத்துக்குப் பெண்களெல்லாம் கழிக்கரையில் மாதா சொரூபம் இருக்கிற கெபியில் கூடிச் செபமாலை சொன்னால் எல்லாப் படகும் ஒரே திக்கில் ஒழுங்காக வருமே என்று. நாங்களும் கூடினோம், ஒலிபெருக்கியிலும் போட்டோம். ஊரிலுள்ள அத்தனை படகும் ஒரே நேரத்தில் கெபிக்கு முன்னால் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன, சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, "அம்மாமார்களே, வீட்டுக்குப் போங்க, தயவுசெய்து அவங்கவங்க வீட்டுல இருந்தே செபிங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் படகு கட்ட ஒரு கட்டுத்தறி ஊன்றினோம். ஏலக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு கொல்லை கொல்லையாக வந்தார். இறங்குதளத்தில் ஆடுகள் படுத்துக்கொண்டன.

என் பெரிய மகன் மஸ்கட் துறைமுகத்தில் கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போகிற சின்னப் படகு ஓட்டுகிறான். ஒருநாள் போனில், "எம்மா, இங்க மெதுவாப் போனா போட்டு கிழக்கையே பாத்து இழுக்குதும்மா, மேலதிகாரி என்னைத் திட்டுதான்" என்றான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அவன் வேலை முடிந்து கரையேறின நேரம் பார்த்து அவன் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது கஸ்பார் படகு ஏன் நேரே போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு இளவட்டங்கள் அவரிடம் போய் நிற்பதை விட்டுவிட்டார்கள். கழியில் அந்தப் படகு நேரே போவதைக் கரையிலிருந்து பார்க்கும்போது, துணியில்லாத ஆளைப் பார்த்துவிட்ட மாதிரி நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

கஸ்பாருக்குத் தாய் தகப்பன் இல்லை, பெண்டாட்டி பிள்ளை பெறாமலே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். முன்னெல்லாம் எங்கள் ஊரிலேயே வேகமாக ஓட்டுகிறவர் அவர்தான். ஊர்க்கட்டையும் மதிக்க மாட்டார், வாயில் அலை நிற்கும்போதும் எஞ்சினைக் குறைக்க மாட்டார். அப்படி ஒரு நாள் நுழையும்போது அலை படகைத் தூக்கிப் போட்டதில் கூடத் தொழிலுக்குப் போயிருந்த திபூர்சு கல்வரிசையில் விழுந்து தலை அடிபட்டுச் செத்துப்போனான். திபூர்சுக்கு நல்ல வயது, கலகலவென்று பேசுவான். அவன் பெண்டாட்டி எமரன்சி வீடு கழியில் முதல் வீடு, வாயில் நுழைந்து திரும்புகிற இடத்திலேயே, கல்வரிசைக்கு எதிர்க்கரையில். அடக்கத்துக்கு மறுநாள் கஸ்பார் அவள் வாசலில் போய் நின்றார். அவள் கதவைச் சாத்தினாள், அவர் சாயங்காலம் வரைக்கும் நின்றுவிட்டுப் போனார். அதிலிருந்து கஸ்பார் கழியில் மட்டுமல்ல, கடலிலும் வேகம் எடுப்பதில்லை. எல்லாரும் போன பிறகு போவார், எல்லாரும் வந்த பிறகு வருவார்.

கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியத்துப் பெண்களுக்கு மனது கேட்கவில்லை. ஊரில் ஒரு ஆள் படகு இப்படி அநாதையாகப் போகலாமா என்று பேசி, ஆளுக்கொரு கிழமை கஸ்பாருக்காக வேண்டுவது என்று முறை வைத்துக்கொண்டோம், பூசைக்குக் கோயில் பெருக்க முறை வைப்போமே, அந்த மாதிரி. ஆனால் மற்றவள் மறந்துவிடுவாள் என்று ஒவ்வொருத்திக்கும் சந்தேகம். அதனால் அவள் முறையிலும் இவள் சொன்னாள், இவள் முறையிலும் அவள் சொன்னாள். கஸ்பார் படகு நடுக்கழியில் இந்த வீட்டுக்குத் தலையைத் திருப்பி, அந்த வீட்டுக்குத் திருப்பி, கடைசியில் செக்கு மாடு மாதிரிச் சுற்றத் தொடங்கியது.

"யம்மா, யாரு வேலை இது? விடுங்கம்மா, தலை சுத்துது!" என்று அவர் அங்கிருந்து கத்தினார். கரையில் எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார்.

"மைனி, எனக்காக யாரும் வேண்ட வேண்டாம்."

"ஏன் தம்பி? நாங்க வேண்டுறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

"நீங்க பாவம் பாத்துச் சொல்லுதீங்க. அது என்னைச் சுத்தத்தான் விடுது, கரை சேக்கல." டம்ளரைக் கழுவித் திண்டில் கவிழ்த்து வைத்தார். "வேகமாப் போயி ஒருத்தனைக் கொன்னேன். இனி மெதுவா, நேராப் போயிருதேன். எதுவரைக்கும் போகுதோ போகட்டும்."

அவர் போனபிறகு எனக்கு அந்தக் கடைசிச் சொல் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. கழிமுகத்தில் நேரே போனால் எங்கே போகும் என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். கண் தெரிகிற நாளில் அவர் கையால் திருப்பிவிடுகிறார். கண் தெரியாத மழை நாளில் என்ன செய்வார்? மற்றவர்களுக்குப் படகே திரும்பிக்கொள்கிறது. இவருக்கு யார் இருக்கிறார்கள்?

நான் எமரன்சியைப் பார்க்கப் போனேன். கொல்லையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டுத்தறி இல்லாத கொல்லை ஊரில் அவளுடையது ஒன்றுதான், திபூர்சு ஊன்றிய பழைய கம்பு மட்டும் தண்ணீரில் சாய்ந்து நின்றது. நான் கஸ்பார் பேரை எடுத்ததும் அவள் கை நின்றது.

"மைனி, அவன் பேரை நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம். தினம் விளக்கு வச்சதும் நான் சொல்லுத முதல் பேரு அதுதான்."

"செபத்துலயா?"

"செபமா? அவனை என்ன செய்யணும்னு ஆண்டவர்ட்ட கேக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சா காதைப் பொத்திக்குவீங்க. போயிட்டு வாங்க."

நான் வந்துவிட்டேன். அவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கஸ்பார் படகு எப்போதோ தளத்தில் கட்டிக் கிடக்கும். அவளை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? என் பிள்ளைகளின் தகப்பன் இரவில் என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், சொல்லிக்கொள்ளாமல் மழை வந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் ஈரச்சேலையைத் தொங்கவிட்ட மாதிரி, எதிர்க்கரை தெரியவில்லை, கல்வரிசை தெரியவில்லை, கையை நீட்டினால் கைதான் தெரிந்தது. பெண்களெல்லாம் அவரவர் கொல்லையில் நின்று அவரவர் பேரைச் சொன்னோம். படகுகள் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு வந்தன, ஓட்டினவர்கள் கைப்பிடியைவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். எல்லாரும் வந்தாயிற்று என்று ஊர் மூச்சு விட்ட நேரத்தில், வாயிலில் இன்னும் ஒரு எஞ்சின் சத்தம் மெதுவாகக் கேட்டது.

"கஸ்பாரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

ஊர் முழுவதும் மழையில் கரைக்கு ஓடியது. சத்தம் வாயில் நுழைவது தெரிந்தது. திரும்ப வேண்டிய இடம் வந்தது, சத்தம் திரும்பவில்லை, கல்வரிசையின் உள்வளைவைப் பார்த்து அதே நிதானத்தில் போனது. ஆம்பிளைகள் கத்தினார்கள், மழை அதை விழுங்கியது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று அவர் பேரைச் சொல்லி மாதாவைக் கூப்பிடத் தொடங்கினார்கள். சத்தம் தடுமாறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, கல்லுக்கு இன்னும் கிட்டே போனது.

"சும்மா இருங்கட்டி!" என்று நான் கத்தினேன். என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தினதில்லை. "எல்லாரும் வாயை மூடுங்க. ஆளாளுக்கு இழுத்துக் கல்லுல அடிச்சிராதீங்க."

எல்லாரும் வாயை மூடினார்கள். செபம் சொல்லாதே என்று என் வாயால் சொல்லிவிட்டேனே ஆண்டவரே என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். மழைச் சத்தம், அதற்குள் எஞ்சின் சத்தம், அது நேரே போனது. பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அந்தச் சத்தம் திரும்பியது. குழந்தை தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாக, இடது பக்கம், கல்லைவிட்டு எதிர்க்கரைக்கு. எந்தப் பக்கம் போகிறது என்று காதால் பின்தொடர்ந்து ஓடினோம். முதல் வீட்டுக்குப் பின்னால் போய் அது நின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு எமரன்சியின் துவைகல்லில் மூக்கை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. கஸ்பார் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலில் எமரன்சி நின்றாள். மழை இருட்டுக்கு நேரத்தோடே விளக்கு வைத்திருந்தாள், அது அவளுக்குப் பின்னால் மாதா படத்துக்கு முன் எரிந்துகொண்டிருந்தது.

நான்தான் கிட்டே போய், "எமரன்சி, நீ வேண்டினியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மைனி." அவள் அழவில்லை, அவள் குரல் வெகுதூரம் நடந்து வந்த ஆளின் குரலாக இருந்தது. "தினம் சொல்லுததைத்தான் இன்னைக்கும் சொல்ல நின்னேன். அவன் பேரைச் சொன்னேன். அதுக்குப் பிறகு சொல்லுததெல்லாம் வரல. தேடிப் பாத்தேன், ஒண்ணும் வரல. சொல்லிச் சொல்லித் தீந்துபோச்சு போல. பேரு மட்டும் மிச்சம் இருந்துச்சு. சரின்னு அதையே திரும்பச் சொன்னேன்."

கஸ்பார் தலையைத் தூக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது.

எமரன்சி மழையில் இறங்கி வந்தாள். அவரைப் பார்க்காமல், படகின் மூக்கில் கிடந்த கயிற்றை எடுத்துத் திபூர்சு ஊன்றிய அந்தச் சாய்ந்த கம்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எஞ்சினை அணைக்கச் சொல்லுங்க மைனி. காதடைக்குது" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. அவள் அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, அவரும் படியேறவில்லை, மழைவிட்டதும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இப்போதும் ஆற்றுப் பாலத்தில் நிற்கிற வெளியூர்க்காரர்கள் எங்கள் படகுகள் கழியில் கோணல்மாணலாகப் போவதைப் பார்த்து, கடல்காரர்களுக்கு ஓட்டத் தெரியவில்லையே என்று சிரிக்கிறார்கள். கடைசியாக வருகிறது கஸ்பார் படகு. வாயில் நுழைந்ததும் அவர் கைப்பிடியை விட்டுவிடுகிறார், அது கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படி ஆடிக்கொண்டு முதல் வீட்டுத் துவைகல்லில் போய் மூக்கை முட்டுகிறது, முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு எமரன்சியின் குரல் கேட்கும்.

"சரி, போ."

அப்போதுதான் அது பின்னால் நகர்ந்து, தன் இடத்துக்குப் போகும்.